மனத்தை ஆராய்ந்த நோயாளி

புத்தகக் கடைக்குச் சென்றால், கவலையை ஒழிக்கும் வழி, மனத்தை வெல்லும் வழி, மூளையில் உறங்கும் ஆற்றலை எழுப்பும் வழி என்று வழிகாட்டும் நூல்கள் அடுக்கடுக்காக இருக்கக் காண்கிறோம். அவற்றுள் பலவற்றில் ஒரு பெயர் சான்றாக வரும். அது ஹார்வர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸின் பெயர். மனிதன் தன் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறான் என்று அவர் கண்டறிந்ததாகவும், மகிழ்ச்சியுடையவன்போல் நடந்துகொண்டால் மகிழ்ச்சி தானே வந்து சேரும் என்று அவர் நிறுவியதாகவும் அந்நூல்கள் கூறும். மனநூல் மாணவனாகிய நான் அவருடைய பெருநூலின் சில இயல்களைப் பாடமாகப் படிக்க நேர்ந்தபோது, அங்கே கண்டவர் வேறொருவராக இருந்தார். பிறகு அவருடைய வரலாற்றையும் கடிதங்களையும் தேடிப் படித்தேன். மகிழ்ச்சியை விற்பவர்கள் தங்கள் குலகுருவாக வைத்துக் கொண்டாடும் இம்மனிதர், வாழ்நாளில் பெரும்பகுதியை நோயோடும் மனச்சோர்வோடும் கழித்தவர். நம் சங்க மலரைப் படிப்போர்க்கு அவர் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வில்லியம் ஜேம்ஸ் 1842-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் நியூயார்க் நகரில், ஆஸ்டர் ஹவுஸ் என்னும் ஹோட்டலில் பிறந்தார். பாட்டனார் அயர்லாந்திலிருந்து குடியேறி, ஆல்பனி நகரில் வாணிகம் செய்து பெருஞ்செல்வம் சேர்த்தவர். தந்தையார் மூத்த ஹென்றி ஜேம்ஸ் அந்தச் செல்வத்தின் நிழலில் அமர்ந்து சமய ஆராய்ச்சியிலேயே காலம் கழித்தவர். சிறு வயதில் தீ விபத்தில் ஒரு காலை இழந்தவர். 1844-ஆம் ஆண்டு குடும்பத்தோடு இங்கிலாந்தில் வின்ட்ஸர் அருகே தங்கியிருந்தபோது ஒருநாள், உணவு முடிந்து தனியே அமர்ந்திருந்த அவரைக் காரணம் தெரியாத பேரச்சம் ஒன்று பற்றிக்கொண்டது. கண்ணுக்குப் புலப்படாத கொடிய உரு ஒன்று அறைக்குள்ளே குந்தியிருப்பதாக உணர்ந்தார். சில நொடிகளில் உறுதியான மனிதர் குழந்தைபோல் நடுங்கலானார். ஸ்வீடன் நாட்டு ஞானி ஸ்வீடன்போர்க்கின் நூல்களில் ஆறுதல் கண்டு அவர் மீள்வதற்கு நெடுநாள் ஆயிற்று. அப்போது வில்லியமுக்கு இரண்டு வயது. இதே பேரச்சம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மகனையும் தேடி வந்தது.

பிள்ளைகள் ஐவர். இரண்டாமவர் ஹென்றி, பின்னாளில் உலகறிந்த நாவலாசிரியர் ஆனவர். அடுத்தவர்கள் வில்கின்ஸனும் ராபர்ட்ஸனும். இவ்விருவரும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடவர் படையில் போர் செய்தனர். கடைக்குட்டி ஆலிஸ். அறிவும் நகைச்சுவையும் நிறைந்திருந்தும் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தது அவள் வாழ்வு. ராபர்ட்ஸன் குடிப்பழக்கத்தில் சிக்கித் தவித்தார். ஒரே வீட்டில் இத்தனை அறிவும் இத்தனை துன்பமும் கூடியிருந்தன.

தந்தையாருக்கு எந்தப் பள்ளியும் நீண்ட நாள் பிடிப்பதில்லை. ஆகவே பிள்ளைகள் நியூயார்க், லண்டன், பாரிஸ், பூலோன், ஜெனீவா, பான் என்று ஊர் ஊராக மாறி மாறிப் படித்தனர். பல மொழிகள் வந்தன. ஒரு துறையில் ஊன்றி நிற்கும் பழக்கம் மட்டும் வரவில்லை. பதினெட்டு வயதில் வில்லியம் ஓவியராகப் போவதாகச் சொல்லி, நியூபோர்ட்டில் வில்லியம் மாரிஸ் ஹன்ட் என்ற ஓவியரிடம் சேர்ந்தார். ஓராண்டுக்குள் அது முடிந்தது. 1861-இல் ஹார்வர்டில் வேதிநூல் பயிலத் தொடங்கினார். பின்னர் உடற்கூற்று நூலுக்கு மாறினார். 1864-இல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதை விட்டு, விலங்கு நூல் அறிஞர் அகாஸியுடன் அமேசான் ஆற்றுக்கு மீன் சேகரிக்கப் புறப்பட்டார். ரியோ நகரில் அம்மை வகை நோய் கண்டு கண்பார்வை மங்கிற்று. தமக்கு இந்தத் தொழிலும் ஆகாது என்பதை மட்டும் நன்கு அறிந்துகொண்டு திரும்பினார். நம்முள் ஒருவர் பாடத்தை மாற்றிக்கொள்ள விண்ணப்பம் எழுதினால் வீட்டில் மூன்று மாதம் போர் நடக்கும். அந்த வீட்டில் போரே நடக்கவில்லை. அதுவும் ஒரு குறையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1867-இல் முதுகுவலி, கண்வலி, அஜீரணம், உறக்கமின்மை எல்லாம் சேர்ந்து வர, மருத்துவப் படிப்பை நிறுத்திவிட்டு ஜெர்மனிக்குச் சென்றார். வெந்நீர் ஊற்றுகளில் குளித்தார். பெர்லினில் உடலியங்கு நூல் விரிவுரைகளைக் கேட்டார். மனத்தையும் அளந்தறியும் விஞ்ஞானமாக ஆக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு அரும்பியது. ஆனால் அதே மாதங்களில் தற்கொலை எண்ணமும் அடிக்கடி வந்து போயிற்று என்பதை அவர் கடிதங்கள் காட்டுகின்றன. ஊர் திரும்பி, 1869-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வாழ்நாளில் ஒரு நாளும் வைத்தியத் தொழில் செய்யவில்லை. அவர் பெற்ற முறையான பட்டம் அது ஒன்றே. மெய்யியலும் மனநூலும் அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டத்துக்காகப் படித்தவை அல்ல.

அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. வேலை இல்லை. தந்தையார் வீட்டில் இருந்தார். அவர் சிக்கிக்கொண்ட சிக்கல் வெறும் உடல்நோய் அன்று. உடல்நூல் படித்ததனால் மனிதன் ஒரு பொறிதான், அவனுடைய ஒவ்வொரு நினைவும் நரம்பின் அசைவால் முன்பே முடிவு செய்யப்பட்டது என்ற எண்ணம் அவரை அழுத்தியது. அப்படியானால் முயற்சி என்பதற்கு என்ன பொருள்? திருந்துவது எப்படி? பிறர்க்கு இது தேர்வுத்தாள் வினா. அவருக்கோ உயிர்ப் பிரச்சினை. 1870 மார்ச்சில், அவர் நேசித்த அத்தை மகள் மின்னி டெம்பிள் காசநோயால் இறந்தாள்.

இக்காலத்தை ஒட்டி நிகழ்ந்தது ஒன்று. மாலை மங்கிய நேரத்தில் உடைமாற்றும் அறைக்குள் சென்ற அவருக்கு, முன்பு மனநோய் விடுதியில் கண்ட இளைஞன் ஒருவனின் உருவம் சட்டென்று நினைவில் எழுந்தது. வலிப்பு நோயாளியான அவன் நாள் முழுதும் முழங்காலை முகவாய்வரை மடக்கி, அசையாமல் பலகைமேல் அமர்ந்திருப்பவன். தானும் எந்த நேரமும் அவனாக ஆகிவிடலாம், அதைத் தடுக்கத் தன்னிடம் எதுவுமே இல்லை என்ற உணர்வு அவரைத் தாக்கியது. அதன்பின் பல மாதங்கள் இருட்டில் தனியே செல்ல அஞ்சினார். காலைதோறும் வயிற்றில் அச்சத்தோடே விழித்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு தம் நூலில் இதைப் பெயர் சொல்லாத ஒரு பிரெஞ்சுக்காரரின் அனுபவமாக எழுதினார். அது தம்முடையதே என்று அந்நூலைப் பிரெஞ்சில் பெயர்த்தவருக்குக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

1870 ஏப்ரல் 30-ஆம் நாள் அவர் நாட்குறிப்பில் எழுதியது மனநூல் வரலாற்றில் பெயர் பெற்றது. சார்ல் ரெனூவியே என்ற பிரெஞ்சு மெய்யியலாரின் கட்டுரையைப் படித்து முடித்திருந்தார். வேறு நினைவுகள் வரக்கூடிய வேளையிலும், ஒரு நினைவை நானே விரும்பிப் பற்றி நிறுத்த முடிகிறதே, அதுவே மனவுரிமை என்பது ரெனூவியேயின் விளக்கம். அது மாயை என்று யாரும் நிறுவிவிடவில்லை. ஆகவே அதை உண்மை என்று நம்புவதையே தம் மனவுரிமையின் முதற் செயலாக வைத்துக்கொள்வதென அவர் உறுதி செய்தார். அந்த ஆண்டு முழுதும் வீண் ஆராய்ச்சியை ஒதுக்கிவைத்து, சிறு சிறு செயல்களில் நல்ல பழக்கத்தை வளர்ப்பதென்றும் குறித்துக்கொண்டார்.

வழிகாட்டி நூல்கள் கதையை இங்கே நிறுத்திவிடும். ஒரு தீர்மானம் செய்தார், நோய் பறந்தது என்று சொல்லும். நடந்தது அப்படி அன்று. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவர் பெரும்பாலும் நோயாளியாகவே இருந்தார். 1872-இல் ஹார்வர்டுத் தலைவர் எலியட், தம் பழைய மாணவரான அவரை உடலியங்கு நூல் கற்பிக்க அழைத்தார். 1873 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. குறித்த மணிக்குப் போய் நிற்க ஒரு வகுப்பறையும், எதிரே பார்க்க மாணவர் முகங்களும் கிடைத்தது எந்த மருந்தைவிடவும் அவருக்கு நன்மை செய்தது. ஆயினும் அவ்வாண்டு இறுதியிலேயே மீண்டும் சோர்ந்து, விடுப்பு எடுத்துக்கொண்டு இத்தாலிக்குச் சென்றார். தேறினார், விழுந்தார், மறுபடியும் தேறினார். ஏப்ரல் 30-ஆம் நாளின் தீர்மானத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது நட்ட விதை. மரமாவதற்கு எட்டு ஆண்டுகளும், ஓர் ஊதியமும், ஒரு பெண்ணின் பொறுமையும் வேண்டியிருந்தன.

அந்தப் பெண் பாஸ்டன் நகரப் பள்ளி ஆசிரியை ஆலிஸ் கிப்பன்ஸ். தங்கையின் பெயரே மனைவிக்கும் அமைந்தது. என்னைப் போன்ற நோயாளியை மணந்து ஒரு பெண் ஏன் துன்பப்பட வேண்டும் என்று இரண்டு ஆண்டுகள் தாமும் குழம்பி அவளையும் குழப்பிவிட்டு, 1878 ஜூலையில் அவளை மணந்தார். அதே ஆண்டு ஹென்றி ஹோல்ட் என்ற பதிப்பாளருக்கு மனநூல் பற்றிய நூல் ஒன்றை இரண்டு ஆண்டுகளில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டார். அது வெளிவந்தது 1890-இல். இரண்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள்! இரு பாகங்கள், ஏறக்குறைய 1,400 பக்கங்கள். 1892-இல் அதைச் சுருக்கி ஒரே நூலாக்கினார். மாணவர்கள் பெரியதை ஜேம்ஸ் என்றும் சிறியதை ஜிம்மி என்றும் அழைத்தனர்.

அந்நூலின் மூன்று கருத்துகள் அவர் பட்ட பாட்டிலிருந்தே வந்தவை என்பது என் எண்ணம். முதலாவது, நினைவு என்பது மணிகளைக் கோத்த மாலை போன்றது அன்று, ஓடும் ஆறு என்பது. தமிழ்ச் சிறுகதையாளர்கள் நனவோடை என்று வழங்கும் உத்தியின் பெயர் அவர் நூலால் பரவிய தொடரிலிருந்து வந்ததே. இரண்டாவது, பழக்கம். ஒரே செயலைப் பலமுறை செய்யும்போது நரம்பு மண்டலத்தில் வழித்தடம் படிகிறது. பிறகு அச்செயலுக்கு மனவுறுதியைச் செலவிட வேண்டுவதில்லை. எப்போது எழுவது, எப்போது படிப்பது என்று நாள்தோறும் முடிவு செய்துகொண்டே இருப்பவனைப்போல் இரங்கத்தக்கவன் இல்லை என்று அவர் எழுதும்போது, தம் இளமையைத்தான் எழுதுகிறார். மூன்றாவது, மெய்ப்பாடு பற்றியது. கரடியைக் கண்டு அஞ்சுவதால் ஓடுகிறோம் என்று நினைக்கிறோம். உடல் நடுங்குவதையும் ஓடுவதையும் உணர்வதுதான் அச்சம் என்று 1884-இல் அவர் வாதித்தார். டென்மார்க் அறிஞர் லாங்கேயும் தனியே அதை ஒத்த முடிவுக்கு வந்தார். உடலை நிமிர்த்தி, முகத்தை மலர்த்தி நடந்தால் உள்ளமும் சற்று மலரும் என்ற அறிவுரை இக்கொள்கையின் கிளை. அதை ஜேம்ஸ் சொன்னது உண்மை. உதவக்கூடியது என்று சொன்னாரே தவிர, மனச்சோர்வு என்னும் பெருநோய்க்கு அது மருந்து என்று சொல்லவில்லை.

ஆசிரியராக அவரை மாணவர் விரும்பினர். எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டெய்ன் அவரிடம் படித்தவர். தேர்வு நாளன்று விடைத்தாளில், இன்று தேர்வு எழுத மனம் இல்லை, மன்னிக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு வெளியேறியதாகவும், தமக்கும் அப்படித் தோன்றுவதுண்டு என்று பதில் எழுதிய பேராசிரியர் வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் அளித்ததாகவும் ஸ்டெய்னே கூறியிருக்கிறார். தோழர்கள் இதை இங்கே முயன்று பார்க்க வேண்டாம்.

நூல் முடிவதற்கு முன் வீட்டில் ஓர் இடி விழுந்தது. 1885 ஜூலையில் ஒன்றரை வயது மகன் ஹெர்மன் இறந்தான். அவ்வாண்டின் பிற்பகுதியில் மாமியார் வழியாகப் பைப்பர் அம்மையார் என்ற பாஸ்டன் பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டு, கணவனும் மனைவியும் அவரிடம் சென்றனர். அவர் மயக்கநிலையில் இறந்தவர் சார்பாகப் பேசுபவர். அன்று முதல் இறுதிவரை, ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள், ஜேம்ஸ் அவரை ஆராய்ந்தார். ஏமாற்று எதையும் அவர் காணவில்லை. இயல்பான வழியில் அறிந்திருக்க முடியாத செய்திகளை அந்த அம்மையார் சொன்னதாக நம்பினார். ஆனால் பேசுவது ஆவிதான் என்று கடைசிவரை முடிவு கட்டவில்லை. உடன் பணியாற்றிய அறிஞர் சிலர் நகைத்தனர். இவ்விடத்தில் என்னாலும் அவரைப் பின்தொடர முடியவில்லை. குழந்தையை இழந்த தந்தையைச் சிறந்த சாட்சியாக ஏற்பது கடினம். எனினும் அவருக்கு அந்த நம்பிக்கை தேவைப்பட்டும், சான்று போதாது என்று கால் நூற்றாண்டு தம்மையே நிறுத்தி வைத்துக்கொண்டாரே, அது எளிதன்று.

தங்கை ஆலிஸ் லண்டனில் மார்புப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தபோது 1891-இல் அவர் எழுதிய கடிதத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். குணமாகிவிடும், தைரியமாக இரு என்ற வழக்கமான பொய் அதில் இல்லை. வரப்போகும் சாவைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். வலிக்கு மார்ஃபியாவை வேண்டிய அளவு எடுத்துக்கொள், அதற்கு அடிமையாகிவிடுவோம் என்று அஞ்சாதே என்று எழுதினார். மற்றவர் எல்லாரும் பேச மறுத்ததை அண்ணன் பேசியதில் அவளுக்கு மகிழ்ச்சி. வலியைத் தணிக்க அறிதுயில் முறையையும் அவர் யோசனை கூற, அது அவளுக்கு ஓரளவு உதவிற்று. 1892 மார்ச்சில் அவள் இறந்தாள்.

அக்காலத்து அமெரிக்காவில் மனவைத்தியம் என்ற இயக்கம் காட்டுத்தீபோல் பரவியிருந்தது. மேயின் மாநிலத்தில் கடிகாரம் செய்துகொண்டிருந்த குவிம்பி என்பவர் தொடங்கிவைத்தது அது. நோய் என்பது தவறான எண்ணமே, எண்ணம் திருந்தினால் உடல் திருந்தும் என்பது அதன் சாரம். இன்றைய வழிகாட்டி நூல்களின் மூதாதை இதுதான். உறக்கமின்மைக்காக ஜேம்ஸே அத்தகைய வைத்தியர் ஒருவரிடம் பலமுறை சென்று அமர்ந்ததுண்டு. மின்சாரச் சிகிச்சை, விலங்கு நிணநீர் ஊசி என்று அவர் முயன்று பாராதது குறைவு. 1894-இலும் 1898-இலும் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்தில், பட்டம் பெறாதவர் வைத்தியம் செய்வதைத் தடுக்கும் மசோதா வந்தது. மருத்துவப் பட்டம் பெற்ற ஜேம்ஸ் அதை எதிர்த்தார். மனவைத்தியரின் தத்துவம் அவருக்கு ஏற்புடையதன்று. ஆனால் அவர்களிடம் சென்று சிலர் குணமடைவது நிகழ்ச்சி. நிகழ்ச்சியை ஆராயாமலே சட்டத்தால் மூடுவது விஞ்ஞானம் ஆகாது என்பது அவர் வாதம். மருத்துவ நண்பர்கள் அவர்மேல் மிகவும் சினந்தனர். அவர்கள் கவலையிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

1898-இல் ஆடிராண்டாக் மலைகளில் சுமையைத் தூக்கிக்கொண்டு இளைஞரோடு போட்டியாக ஏறி இதயத்தைக் கெடுத்துக்கொண்டார். மறு ஆண்டு அதே மலையில் வழி தவறி அலைந்ததில் கேடு முற்றிற்று. எடின்பரோவில் கிஃபோர்டு சொற்பொழிவுகள் ஆற்றுவதாக ஏற்றிருந்தவர், ஐரோப்பாவில் படுக்கையில் கிடந்தபடியே அவற்றின் பெரும்பகுதியை எழுதினார். 1901, 1902-இல் நிகழ்ந்த அந்த இருபது உரைகளே சமய அனுபவ வகைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல். மனிதரை அதில் இரு வகையாகப் பார்க்கிறார். தீமையின் பக்கம் திரும்பாமல் மகிழ்வோடிருக்கும் நலமனத்தார் ஒரு வகை. கவிஞர் விட்மனும் மனவைத்தியரும் அவர்க்கு எடுத்துக்காட்டு. டால்ஸ்டாயைப் போலவும் பனியனைப் போலவும் வாழ்வின் அடியில் உள்ள துயரத்தைக் கண்டுவிட்ட நோயுற்ற ஆன்மாக்கள் மற்றொரு வகை. முதல் வழி செல்லும்வரை நன்றே செல்லும் என்கிறார். ஆனால் உண்மையான துயரம் வந்தவுடன் அது கையைவிட்டுவிடும். அது காண மறுக்கும் தீமைகளும் உலகின் மெய்யான பகுதியே ஆதலால், அந்தத் தத்துவம் குறையுடையது என்று தீர்ப்பளிக்கிறார். இன்று அவரைத் தங்கள் குருவாகச் சொல்லும் நூல்களில் இந்தத் தீர்ப்பை நான் கண்டதில்லை. விடுதியில் உண்ணாமல் உறங்காமல் ஒடுங்கிக் கிடக்கும் ஒருவனிடம், நல்லதையே நினை என்று சொல்லிவிட்டு நாம் வகுப்புக்குப் போகிறோம். அவன் பக்கம் நின்று பேசிய பேராசிரியர் இவர்.

அந்நூலில் நம் நாட்டு யோகமும் விவேகானந்தரும் இடம் பெறுகின்றனர். விவேகானந்தர் 1896 மார்ச்சில் ஹார்வர்டில் வேதாந்தம் பற்றி உரையாற்றினார். ஜேம்ஸ் அவரை நேரில் அறிந்தவர், மதித்தவர். எல்லாம் ஒன்றே என்னும் அமைதி மட்டும் அவர் போராட்ட மனத்துக்குப் பொருந்தவில்லை.

பத்தில் ஒரு பங்கு மூளைக் கதைக்கு வருகிறேன். 1906 டிசம்பரில் ஆற்றி 1907-இல் வெளியான உரை ஒன்றில், நாம் நம் உடல், மன ஆற்றல்களில் சிறு பகுதியையே பயன்படுத்தி வாழ்கிறோம் என்று ஜேம்ஸ் கூறினார். நெருக்கடியும் யோகப் பயிற்சியும் அவ்வாற்றலை எப்படி வெளிக்கொணர்கின்றன என்று ஆராய்ந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது பெரும் பூகம்பத்தை நேரில் கண்டு, அன்றே சான் பிரான்சிஸ்கோ சென்று, வீடிழந்த மக்கள் எவ்வளவு அமைதியாக வேலை செய்தனர் என்று பார்த்து வந்தவர் அவர். அவர் உரையில் மூளைக்குக் கணக்கு எதுவும் இல்லை. 1936-இல் டேல் கார்னெகியின் நூலுக்கு முன்னுரை எழுதிய லோவெல் தாமஸ்தான் பத்து சதவீதம் என்ற எண்ணை ஜேம்ஸின் வாயில் வைத்தார். ஆற்றல் என்றிருந்தது பிறர் கையில் மூளை என்று மாறிற்று. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடல் அவ்வளவு சோறு போடாது. மூளையைப் படமெடுக்கும் கருவிகளும் எந்தப் பகுதியும் வேலையின்றிக் கிடப்பதாகக் காட்டவில்லை.

1909 செப்டம்பரில் வூஸ்டர் நகரில் கிளார்க் பல்கலைக்கழகத்துக்கு ஃபிராய்டு வந்தபோது ஜேம்ஸ் அவரைக் காணச் சென்றார். இருவரும் நடந்துகொண்டிருந்தபோது ஜேம்ஸுக்கு நெஞ்சுவலி வந்தது. கைப்பையை ஃபிராய்டிடம் கொடுத்து, நீங்கள் முன்னே செல்லுங்கள், வலி நின்றதும் வந்துவிடுகிறேன் என்றார். சாவை எதிரில் கண்டும் அவர் காட்டிய அந்த அமைதி தமக்கும் வாய்க்க வேண்டும் என்று ஃபிராய்டு விரும்பியதாகப் பின்னர் எழுதினார்.

1910-இல் இங்கிலாந்தில் தம்பி ஹென்றி கடுமையான மனச்சோர்வில் வீழ்ந்தார். தாமே மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்த ஜேம்ஸ், மனைவியுடன் கடல் கடந்து சென்று தம்பியோடு இருந்தார். அவர்கள் ஐரோப்பாவில் இருக்கும்போதே கடைசித் தம்பி ராபர்ட்ஸன் அமெரிக்காவில் இறந்த செய்தி வந்தது. ஆகஸ்டில் மூவரும் ஒன்றாகக் கப்பலேறித் திரும்பினர். நியூ ஹாம்ப்ஷயரில் சோகோருவா என்னும் சிற்றூரில் இருந்த கோடை வீட்டில், ஆகஸ்டு 26-ஆம் நாள், தம் அறுபத்தெட்டாம் வயதில், மனைவியின் கைகளிலேயே ஜேம்ஸின் உயிர் பிரிந்தது. ஹென்றி ஓராண்டு அளவு அமெரிக்காவிலேயே அண்ணன் குடும்பத்தின் அருகில் தங்கினார். அண்ணனின் கடிதங்களை வைத்து ஒரு நினைவு நூல் எழுதத் தொடங்கினார். எழுத எழுத அது இருவரின் பிள்ளைப் பருவத்துக்கே திரும்பிச் சென்று, 1913-இலும் 1914-இலும் இரண்டு நூல்களாக வெளிவந்தது.